ரத்தம் நின்னதுக்கு அப்புறம் மூளைல நடக்கறது

ஸ்ட்ரோக்னு சொன்னாலே நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது அடைப்பு தான். மூளைக்குப் போற குழாய்ல ஏதோ அடைச்சுக்குச்சு, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி போட்டு கரைச்சிடுவாங்கன்னு. அது சரி தான், ஸ்ட்ரோக்ல பெரும்பங்கு அடைப்பு தான். ஆனா நான் ஆராய்ச்சி பண்றது இன்னொரு வகை, மூளைக்குள்ள இருக்கற சின்ன குழாய் வெடிச்சு அங்கயே ரத்தம் கொட்டற வகை. எண்ணிக்கைல இது கம்மி, ஆனா இது வந்தவங்கள்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 40 பேர் ஒரு மாசத்துக்குள்ள இறந்துடறாங்க, பிழைக்கறவங்கள்லயும் நிறைய பேர் அடுத்தவங்க துணை இல்லாம நடமாட முடியாத நிலைல தான் இருக்காங்க. அடைப்பைக் கரைக்கற ஊசி வேலை செய்யுதுன்னு 1995லயே நிரூபிச்சுட்டாங்க, குழாய்க்குள்ள கம்பி விட்டு அடைப்பை இழுத்து எடுக்கறதும் 2015ல உறுதியாச்சு. ரத்தக்கசிவுக்கு மட்டும் அந்த மாதிரி ஒரு பெரிய மருந்து இன்னும் வரல.

ஆனா மருந்து இல்லைங்கறதும் ஒண்ணும் செய்ய முடியாதுங்கறதும் ஒண்ணு கிடையாது, இதைத் தான் இந்த பதிவுல சொல்லணும்னு உட்கார்ந்தேன். ஏன்னா டாக்டர்கள்ல கூட சில பேர் ஸ்கேன்ல பெரிய ரத்தக்கட்டியைப் பார்த்ததும் மனசுக்குள்ள முடிவு பண்ணிடறாங்க. எங்க ஆராய்ச்சி சொல்றது வேற. மூளைக்கு வர்ற சேதம் அந்த ஒரு நிமிஷத்துல மொத்தமா வர்றது இல்ல, நாள் கணக்குல, சில சமயம் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வருது. கொஞ்சம் கொஞ்சமா வர்றதை நடுவுல புகுந்து தடுக்க வழி இருக்கும்ல.

முதல்ல குழாய் ஏன் வெடிக்குதுன்னு சுருக்கமா பார்த்துடலாம். மூளையோட எடை உடம்புல 2 சதவீதம் தான், ஆனா உடம்புக்குள்ள வர்ற ஆக்சிஜன்ல 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்குது, அதனால ரத்த ஓட்டம் அங்க எப்பவும் அதிகம். மூளையோட அடி ஆழத்துல இருக்கற பகுதிகளுக்கு பெரிய தமனில இருந்து நேரடியா செங்குத்தா கிளம்பற மெல்லிசான குழாய்கள் போகுது. பெரிய குழாயோட பிரஷர் அந்த மெல்லிசான சுவர் மேல அப்படியே விழும். பல வருஷம் பிபி கட்டுப்பாட்டுல இல்லாம இருந்தா அந்த சுவர்ல இருக்கற தசை செத்து, சுவர் இத்துப் போய், ஒரு நாள் விட்டுடுது. பிரான்ஸ்ல ஷார்கோவும் புஷாரும் 1868லயே, இறந்தவங்க மூளைல இந்த குழாய்கள்ல குட்டி குட்டி வீக்கம் இருக்குன்னு எழுதி வெச்சிருக்காங்க. வயசானவங்களுக்கு வர்ற இன்னொரு வகை இருக்கு, அமிலாய்டுங்கற புரதம் மூளையோட வெளிப்பக்க குழாய் சுவர்கள்ல படிஞ்சு சுவர் நொறுங்கிப் போற வகை, அதுல ரத்தக்கசிவு ஓரமா வரும், திரும்பத் திரும்ப வர்ற ஆபத்தும் அதிகம். மூணாவது, குழாய் பிரியற இடத்துல பலூன் மாதிரி வீங்கி வெடிக்கற அனியூரிசம், அதுல ரத்தம் மூளையைச் சுத்தி இருக்கற நீருக்குள்ள பரவுது. மூணுமே ரத்தக்கசிவு தான், ஆனா அதுக்கு அப்புறம் நடக்கற கதை மூணுலயும் வேற வேற.

இப்போ முதல் சில மணி நேரம். ரொம்ப நாள் வரைக்கும், குழாய் வெடிச்சதும் ரத்தம் கொஞ்ச நிமிஷத்துல நின்னுடும், அதுக்கு மேல பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சுட்டு இருந்தாங்க. சி.டி. ஸ்கேன் வந்து தான் அது மாறுச்சு. அதை உருவாக்கின ஹவுன்ஸ்ஃபீல்டோட மெஷின்ல முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தது 1971 அக்டோபர்ல, அதுக்கு முன்னாடி உயிரோட இருக்கற ஒருத்தரோட மண்டைக்குள்ள ரத்தம் எவ்வளவு, எங்கன்னு நேரா பார்க்க வழியே இல்ல. புது ரத்தம் சி.டி.ல பளிச்சுன்னு வெள்ளையா தெரியும். 1997ல ப்ராட்டும் அவரோட குழுவும் ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க, நூத்துக்கு 26 பேருக்கு முதல் ஒரு மணி நேர இடைவெளிலயே ரத்தக்கட்டி கணிசமா பெருசாயிருந்துச்சு, இன்னொரு 12 பேருக்கு அடுத்த 20 மணி நேரத்துக்குள்ள. அதாவது நோயாளி எமர்ஜென்சில படுத்திருக்கும்போதே, நாம பேசிட்டு இருக்கும்போதே ரத்தம் கசிஞ்சுட்டு இருக்கு.

இது எப்படி நடக்குதுன்னு நரம்பியல் டாக்டர் மில்லர் ஃபிஷர் 1971ல ஒரு விளக்கம் கொடுத்தார், எனக்கு இந்த துறைல ரொம்பப் பிடிச்ச பேப்பர்ல அதுவும் ஒண்ணு. இறந்தவங்க மூளையை வரிசையா சீவி சீவிப் பார்த்துட்டு அவர் சொன்னது, வெடிச்சது ஒரே ஒரு குழாய் இல்ல, முதல்ல வெடிச்ச குழாய்ல இருந்து வந்த ரத்தம் பக்கத்துல இருக்கற திசுவைத் தள்ள, அங்க இருக்கற குழாய்கள் இழுபட்டு பிய்ஞ்சு, அதுல இருந்தும் ரத்தம் வந்திருக்குன்னு. பாரம் தாங்கற பல கயித்துல ஒண்ணு அறுந்தா மீதி கயிறு மேல பாரம் ஏறி அடுத்தடுத்து அறுந்து போற மாதிரி. இது சரின்னா முதல் ஓட்டையை அடைச்சா மட்டும் போதாது, தள்ளற வேகத்தையும் குறைக்கணும். பிபியை உடனே இறக்கறதுக்குப் பின்னாடி இருக்கற யோசனை இது தான்.

அடுத்து வர்றது தான் நான் தினமும் பார்க்கறது.

ரத்தம் குழாய்க்குள்ள ஓடற வரைக்கும் தான் மூளைக்கு உயிர். அதே ரத்தம் குழாயை விட்டு வெளிய வந்து நரம்பு செல்லைத் தொட்டா விஷம். நடுவுல இருக்கற தடுப்பு ரொம்ப நுணுக்கமானது. குழாயோட உள்சுவர் செல்கள் இடைவெளியே இல்லாம ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைச் சுத்தி பெரிசைட்னு ஒரு செல், அதுக்கும் வெளிய ஆஸ்ட்ரோசைட்டுங்கற துணை செல்லோட பாதங்கள். இதெல்லாம் தனித்தனி கிடையாது, நரம்பும் குழாயும் சேர்ந்த ஒரே அமைப்பு, ஒண்ணு கெட்டா மத்ததும் கெடும்ங்கற பார்வை 2001 வாக்குல தான் ஆராய்ச்சியாளர்கள் நடுவுல கெட்டியா உருவாச்சு. அதுக்கு முன்னாடி நியூரான், அதாவது நரம்பு செல் ஆராய்ச்சி பண்றவங்க ஒரு பக்கம், ரத்தக்குழாய் ஆராய்ச்சி பண்றவங்க ஒரு பக்கம்னு இருந்தாங்க. ரத்தக்கசிவைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு அர்த்தமே இல்லாதது, ஏன்னா இங்க செத்துப் போற நியூரானுக்கு ஆரம்பத்துல ஒரு கோளாறும் இல்ல, பக்கத்துல இருந்த குழாய் தான் கெட்டுப் போச்சு.

ரத்தம் வெளிய வந்ததும் உறையும், உறையறதுக்கு த்ராம்பின்ங்கற என்சைம் வேணும். ரத்தம் நிக்கறதுக்கு உதவற அதே த்ராம்பின், அளவு கூடினா மூளை செல்களைத் தாக்கி, தடுப்புச் சுவரைத் திறந்து, முதல் நாள்லயே வீக்கத்தை ஆரம்பிச்சு வைக்குது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல குவோஹுவா ஷீ, ரிச்சர்ட் கீப், ஜூலியன் ஹாஃப் இவங்கல்லாம் இதை எலிகள்ல பல வருஷமா பிரிச்சுப் பிரிச்சுக் காட்டினாங்க. அதுல ஆச்சரியமான விஷயம் என்னன்னா, த்ராம்பின் ரொம்பக் கம்மியான அளவுல முன்கூட்டியே இருந்தா மூளையைப் பாதுகாக்கவும் செய்யுது. அதனால த்ராம்பினை அப்படியே ஒழிச்சுக்கட்டிடலாம்னு போக முடியாது, ரத்தமும் நிக்காது, நல்லதும் போயிடும்.

அதுக்கு அப்புறம் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும், இது உடனே நடக்காது, பெரும்பகுதி அடுத்து வர்ற நாட்கள்ல மெதுவா நடக்கும். ஒவ்வொரு சிவப்பணுக்குள்ளயும் கோடிக்கணக்குல ஹீமோகுளோபின், ஒவ்வொரு ஹீமோகுளோபினுக்குள்ளயும் நாலு ஹீம், ஒவ்வொரு ஹீமுக்குள்ளயும் ஒரு இரும்பு அணு. ஹீம் ஆக்ஸிஜனேஸ்னு ஒரு என்சைம் அந்த ஹீமை வெட்டி இரும்பை வெளிய விடுது. ஒரு மில்லி ரத்தத்துல சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கு, 30 மில்லி ரத்தக்கட்டின்னா 15 மில்லிகிராம். கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா இது எலுமிச்சம்பழம் கூட இல்லாத அளவு இடத்துல, இரும்பை ஒவ்வொரு அணுவா எண்ணிக் கட்டி வெச்சிருக்கற ஒரு உறுப்புக்குள்ள வந்து விழுது. கட்டுல இல்லாத இரும்பு செல்லோட சவ்வுல இருக்கற கொழுப்பை ஆக்சிஜனேத்தம் பண்ணி செல்லைக் கொல்லும். இந்த விதமான சாவுக்கு ஃபெராப்டோசிஸ்னு 2012ல ஸ்காட் டிக்ஸனும் பிரென்ட் ஸ்டாக்வெல்லும் பேர் வெச்சாங்க, முதல்ல கேன்சர் செல்கள்ல தான் பார்த்தாங்க, அப்புறம் ரத்தக்கசிவு ஆராய்ச்சிக்குள்ள அது வந்தப்போ ஏற்கனவே நாங்க பார்த்துட்டு இருந்த நிறைய விஷயம் ஒண்ணோட ஒண்ணு பொருந்திப் போச்சு.

மூளை சும்மா இருக்கறது கிடையாது. மைக்ரோக்ளியான்னு மூளையோட சொந்த காவல் செல்கள் இருக்கு, வெளிய ரத்தத்துல இருந்தும் மேக்ரோஃபேஜ்ங்கற விழுங்கற செல்கள் வருது, ரெண்டும் சேர்ந்து சிவப்பணுக்களை முழுசா விழுங்கி, உடையறதுக்கு முன்னாடியே அப்புறப்படுத்தப் பார்க்கும். புரதங்களும் உதவுது, ஹாப்டோகுளோபின் ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும், ஹீமோபெக்சின் ஹீமைப் பிடிச்சுக்கும். ஆனா அதே காவல் செல்கள் அழற்சியையும் கிளப்பி விட்டுடுது, எம்.எம்.பி-9 மாதிரி என்சைம்கள் வந்து குழாயோட அடித்தளத்தையே அரிச்சுடுது. எந்த நாள்ல இந்த செல்கள் கெடுதல் பண்ணுது, எந்த நாள்ல சுத்தம் பண்ணுது, கெடுதலை நிறுத்தப் போய் சுத்தம் பண்றதையும் நிறுத்திடறோமாங்கறது தான் எங்க லேப் மீட்டிங்ல அதிகமா சண்டை போடற விஷயம்.

லேப்ல இதை எப்படிப் பார்க்கறோம்னு கேட்பாங்க. ரெண்டு வழி இருக்கு. எலியோட சொந்த ரத்தத்தையே எடுத்து மூளைக்குள்ள மெதுவா செலுத்தறது ஒண்ணு. கொலாஜினேஸ்ங்கற என்சைமைத் துளி செலுத்தி குழாய் சுவரைக் கரைச்சு தானா ரத்தம் வர வைக்கறது இன்னொண்ணு, இது 1990ல ரோசன்பெர்க் கொண்டு வந்தது. முதல் வழில ரத்தத்தோட நச்சைப் பார்க்கலாம் ஆனா குழாய் வெடிக்கல, ரெண்டாவதுல குழாய் உடையுது ஆனா அந்த என்சைமே ஒரு தொந்தரவு. அதனால ஒரு மருந்து இந்த ரெண்டு வழிலயும் வேலை செஞ்சா தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு உப்புத்தண்ணின்னு சோதனை பண்றவருக்கே தெரியாம குலுக்கல்ல பிரிச்சு, அப்புறம் எலி முன்கால் ரெண்டையும் சமமா ஊன்றதா, மூலைக்குப் போனா எந்தப் பக்கம் திரும்புதுன்னு நாள் கணக்குல பதிவு பண்ணி, கடைசில மூளையைச் சீவி பெர்ல்ஸ் சாயம் போட்டா இரும்பு இருக்கற இடமெல்லாம் நீலமா தெரியும். ரத்தம் எப்பவோ நின்னு போன இடத்தைச் சுத்தி, பல நாள் கழிச்சும், ஆரோக்கியமா இருக்க வேண்டிய திசுக்குள்ள அந்த நீலம் பரவி இருக்கறதைப் பார்க்கும்போது தான், காயம் இன்னும் முடியலங்கறது கண்ணால புரியும்.

எலில வேலை செஞ்சது மனுஷங்ககிட்ட ஏன் வேலை செய்யலங்கறது பெரிய வேதனை. சுண்டெலி மூளை அரை கிராம் கூட வராது, மனுஷ மூளை 1,400 கிராம். எலி மூளைல வெள்ளைப் பகுதி, அதாவது நீளமான நரம்பு இழைகள் ஓடற பகுதி ரொம்பக் கம்மி, நமக்கு கிட்டத்தட்ட பாதி. கை காலை இயக்கற இழைகள் அறுபட்டா தான் மனுஷன் படுத்துடறான், எலிக்கு சில வாரத்துல தானாவே நிறைய சரியாயிடுது. சோதனைல பயன்படற எலிகள் பெரும்பாலும் இளசு, பிபி சுகர் எதுவும் கிடையாது. வர்ற நோயாளியோ அறுபது எழுபது வயசு, இருபது வருஷ பிபி, சில பேர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற எடுத்துட்டு இருப்பாங்க. வயசான எலிகளையும் பிபி இருக்கற எலிகளையும் வெச்சு சோதனை பண்ணினா காசும் காலமும் அதிகம் ஆகும், ஆனா அதைப் பண்ணாம ஒரு மருந்தை நோயாளிகிட்ட கொண்டு போறது நியாயம் இல்லன்னு நான் உறுதியா நம்பறேன்.

மனுஷங்ககிட்ட பண்ணின சோதனைகளோட வரலாறு மனசை அடிக்கற வரலாறு. ரத்தத்தை வேகமா உறைய வைக்கற ஃபேக்டர் செவன் மருந்து, 2008 முடிவு, ரத்தக்கட்டி வளர்றதை நிஜமாவே குறைச்சுது, ஆனா நோயாளிகளோட நிலைமைல வித்தியாசம் இல்ல. உறைஞ்ச ரத்தம் கரையாம தடுக்கற ட்ரானெக்ஸாமிக் ஆசிட், 2018, 2,325 பேர், முதல் வாரத்துல இறப்பு கொஞ்சம் குறைஞ்சுது, 90 நாள்ல அந்த பலன் கரைஞ்சு போச்சு. ஆஸ்பிரின் எடுத்துட்டு இருந்தவங்களுக்கு பிளேட்லெட் ஏத்தினா நல்லதுன்னு எல்லாரும் நினைச்சாங்க, 2016ல பார்த்தா ஏத்தினவங்க தான் இன்னும் மோசமா இருந்தாங்க. எங்க இரும்புக் கதைக்கு நேரடி சோதனை டெஃபெராக்ஸமின், இரும்பைப் பிடிச்சு வெளிய எடுக்கற மருந்து. அதிக டோஸ்ல நுரையீரல் பிரச்சினை வந்து நிறுத்தி, டோஸைக் குறைச்சு மறுபடி பண்ணினாங்க. 2019 முடிவுல, 90 நாள்ல ஓரளவு சுயமா இருக்கறவங்க மருந்து எடுத்த குழுல 34 சதவீதம், எடுக்காத குழுல 33 சதவீதம். அதை வெச்சு இரும்புக் கொள்கையே தப்புன்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்கல. மருந்து கொடுத்தது மூணே நாள், இரும்பு வெளிய வர்றது வாரக்கணக்குல, அந்த மருந்து செல்லுக்குள்ள போறதும் கம்மி.

இவ்வளவு தோல்விக்கு நடுவுல எது வேலை செஞ்சுது? 2023ல முடிவு வந்த இன்டராக்ட்-3ங்கற சோதனை. புது மருந்து எதுவும் இல்ல. மேல் பிபியை ஒரு மணி நேரத்துல 140க்குக் கீழ கொண்டு வர்றது, சுகரைக் கட்டுப்படுத்தறது, காய்ச்சல் வந்தா இறக்கறது, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்களுக்கு அதோட வேலையை உடனே முறிக்கறது, நாலையும் சேர்த்து ஒரே கட்டா, சீக்கிரமா செய்யறது. 10 நாட்டுல 121 ஆஸ்பத்திரி, 7,000 பேருக்கு மேல, இந்தியா, இலங்கை, வியட்நாம், நைஜீரியா எல்லாம் உண்டு. நோயாளிகளோட நிலைமை தெளிவா மேல வந்துச்சு, இறப்பும் குறைஞ்சுது. நாலும் தனித்தனியா ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்சது, பெரிய வசதி இல்லாத இடத்துலயும் செய்யக் கூடியது. எனக்கு அந்த முடிவு வந்தப்போ இருந்த சந்தோஷம் இன்னும் போகல.

அடுத்தது ஆபரேஷன். மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுக்கறதுல பலன் இல்லன்னு ஸ்டிச் சோதனை 2005ல காட்டுச்சு, மெல்லிசான குழாய் விட்டு மருந்தால கரைச்சு எடுத்த மிஸ்டீ-3 சோதனை 2019லயும் மொத்தத்துல ஜெயிக்கல, ஆனா மீதி ரத்தம் 15 மில்லிக்குக் கீழ குறைஞ்சவங்களுக்கு நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சுது. 2024ல என்ரிச்னு 300 பேர் சோதனை, சின்ன வழியா உள்ள போய் 24 மணி நேரத்துக்குள்ள எடுத்தாங்க, ஓரப் பகுதி ரத்தக்கசிவுல தெளிவான பலன், 30 நாள்ல இறப்பு 18 சதவீதத்துல இருந்து 9.3க்கு வந்துச்சு. ஆழத்துல இருக்கற ரத்தக்கசிவுக்கு அந்த பலன் வரல, நடுவுலயே அவங்களைச் சேர்க்கறதை நிறுத்திட்டாங்க. விஷத்தை வெளிய எடுத்தா நல்லது, ஆனா எடுக்கப் போற வழில நல்ல இழைகளைக் கிழிக்கக் கூடாது, சீக்கிரமும் எடுக்கணும். இது எங்க எலி ஆராய்ச்சி சொல்றதோட சேர்ந்து போகுது.

அனியூரிசம் வகையைப் பத்தி தனியா ஒரு பதிவு எழுதணும், இங்க ஒண்ணு மட்டும். அதுல ரத்தம் வந்து சில நாள் கழிச்சு, 4 நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும், மூளைக் குழாய்கள் சுருங்கி திடீர்னு மோசமாகறது உண்டு. குழாய் சுருங்கறது தான் காரணம்னு கிளாசோசென்டான் மருந்தால சுருக்கத்தைக் குறைச்சாங்க, சுருக்கம் குறைஞ்சுது, நோயாளிகள் நிலைமை மாறல. நிமோடிபின் மாத்திரையோ பெரிய குழாயோட சுருக்கத்தைப் பெருசா மாத்தாமலே நோயாளிகளுக்கு நல்லது பண்ணுது. அப்போ ஸ்கேன்ல தெரியற பெரிய குழாய் மட்டும் கதை இல்ல, சின்ன குழாய்கள், 1944ல லியாவோ முயல் மூளைல பார்த்த அந்த மெதுவா பரவற மின் அலை, முதல் மூணு நாள் காயம் எல்லாமே இதுல இருக்கு.

இப்போ முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். 2001ல பெக்கரும் கூட இருந்தவங்களும் ஒரு பேப்பர் எழுதினாங்க, ரத்தக்கசிவு நோயாளிகள் பிழைக்க மாட்டாங்கன்னு முடிவு பண்ணி சிகிச்சையை சீக்கிரம் நிறுத்தறாங்க, நிறுத்தறதால இறக்கறாங்க, இறந்ததைக் கணக்குல எடுத்து இந்த நோய்ல பிழைக்க மாட்டாங்கன்னு அடுத்தவங்களுக்கும் சொல்றாங்கன்னு. எத்தனை பேர் அந்தச் சுழல்ல போயிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னமும் கோபம் வருது. அமெரிக்க இதய சங்கத்தோட 2022 வழிகாட்டுதல்ல, நோயாளியே முன்னாடி எழுதி வெச்சிருந்தா தவிர, சிகிச்சையைக் குறைக்கற மாதிரி புது முடிவை குறைஞ்சது ரெண்டாவது முழு நாள் வரைக்கும் தள்ளிப் போடச் சொல்றாங்க. எல்லாரும் பிழைப்பாங்கன்னு நான் சொல்லல, மூளைத்தண்டுக்குள்ள பெருசா வந்த ரத்தக்கசிவுல யதார்த்தம் கொடூரமானது தான். ஆனா முதல் சில மணி நேரத்துல யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, ஏன்னா காயமே இன்னும் பாதி தான் நடந்திருக்கு.

உங்க வீட்டுல யாருக்காவது இது வந்து நீங்க ஐசியு வாசல்ல நின்னா, தயங்காம டாக்டர்கிட்ட கேளுங்க, ரத்தக்கட்டி எத்தனை மில்லி, ஆழத்துலயா ஓரத்துலயா, இப்போ பிபி எவ்வளவு, எத்தனைக்குள்ள வைக்கப் பார்க்கறீங்க, சின்ன வழியா எடுக்கற ஆபரேஷனுக்கு இவர் பொருந்துவாரா, அடுத்த ஸ்கேன் எப்போன்னு. அவர் ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை எடுத்துட்டு இருந்தா, யாரும் கேட்கற வரைக்கும் காத்திருக்காம, வந்த உடனே மாத்திரை அட்டையோட காட்டிடுங்க, கடைசியா எத்தனை மணிக்குப் போட்டார்ங்கறதையும் சேர்த்து.